பாலில் ஆடை படிந்தால் அழும் மகனுக்கு எப்போது கதை வாசிப்பது?

சிவகங்கை மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஆறு வயதில் ஒரு மகன். ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். எலக்ட்ரீஷியனான கணவர் ஏழு மாதத்துக்கு முன் குவைத் போனார். வீட்டில் இவரும் மகனும் மாமியாரும்தான். இவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு வீடு திரும்புகிறார். இரவு ஒன்பது மணி சுமாருக்குக் கணவர் வீடியோ காலில் வருவார். பேசி முடித்த பத்து நிமிடத்தில் மகனுக்கு அழுகை தொடங்கிவிடும். காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாலில் ஆடை படிந்துவிட்டது, தலையணை உறை மாறிவிட்டது, பென்சில் முனை உடைந்துவிட்டது. தரையில் உருண்டு, கையில் கிடைத்ததை எறிந்து, இருபது நிமிடம் அழுவான். வகுப்பிலும் இரண்டு முறை அப்படி அழுதிருக்கிறான். இரண்டாவது முறை அவனை வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள்.

“தினமும் கதை வாசித்துக் காட்டுங்கள், அமைதியாகிவிடுவான்” என்று வகுப்பு ஆசிரியை சொன்னதைக் கேட்டு, பத்துப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறார். பாதி ஆங்கிலம். அதில் ஒன்று கோபக்காரப் பையனைப் பற்றியது. மகன் அழத் தொடங்கியதும் அதைத் திறந்து சத்தமாக வாசிப்பார். அவன் காதைப் பொத்திக்கொள்வான். ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கி ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டான். ஆத்திரத்தில் அதே புத்தகத்தால் அவன் முதுகில் அடித்துவிட்டார். “அன்றிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுக்கவே மனசு கூசுகிறது” என்கிறார். “போனைக் குடு, கப்புன்னு அடங்கிருவான்” என்பது மாமியாரின் வழி. கொடுத்தால் அடங்கவும் செய்கிறான்.

அழுகிற பிள்ளைக்குக் கதை வாசிப்பது அழுகைக்குப் பரிசு கொடுப்பது ஆகாதா? போனில் கதை ஓடவிட்டால் போதாதா? ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்பது பிடிவாதமா? யூடியூபில் சொல்வதுபோல் இது ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த அடியைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதிய நான்கு பக்கத்திலும் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. அடித்தது தவறு. அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சரிசெய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் சாப்பிட்டு முடித்து நல்லபடியாக இருக்கும்போது, கிழிந்த புத்தகத்தையும் ஒரு செல்லோடேப்பையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். “அன்னைக்கு அம்மா உன்னை அடிச்சது தப்பு. வா, ரெண்டு பேரும் இதை ஒட்டுவோம்” என்று சொல்லுங்கள். டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அவன் வெட்டட்டும். கோணலாக ஒட்டினாலும் திருத்த வேண்டாம். “நீ கிழிச்சதும் தப்புதானே” என்று கணக்கை நேர்செய்யவும் வேண்டாம். அவனாக அதைச் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் சரி. ஒட்டிய அந்தப் புத்தகத்தைப் பரணில் ஒளித்துவிடாமல் மற்ற புத்தகங்களோடு வையுங்கள்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

அழுகையின் உச்சியில் புத்தகம் வேண்டாம்

ஆசிரியை சொன்ன யோசனை நல்லது. எப்போது வாசிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, அங்கேதான் சிக்கல் வந்துவிட்டது. அழுகை உச்சத்தில் இருக்கும் குழந்தைக்கு இதயம் படபடக்கும், மூச்சு மேலும் கீழும் இழுக்கும், உடம்பு முறுக்கிக்கொள்ளும். யோசிப்பதற்கும் தன்னைக் கட்டுப்படுத்துவதற்கும் உதவுகிற மூளையின் முன்பகுதி பெரியவர்களுக்கே இருபது வயதைத் தாண்டித்தான் முழுமையாக வளர்கிறது. ஆறு வயதில், அதுவும் அழுகையின் நடுவில், வாக்கியங்களைப் பின்தொடர்ந்து கதையைப் புரிந்துகொள்ளும் நிலையில் அவன் இல்லை. அந்த நேரத்தில் கதை என்பது கொட்டுகிற மழையில் கோலம் போடுவது மாதிரி. நீங்கள் சத்தத்தைக் கூட்டி வாசிக்க வாசிக்க, அது அவனுக்கு இன்னொரு அதட்டலாகத்தான் கேட்டிருக்கும். அதனால்தான் காதைப் பொத்தினான்.

அந்த இருபது நிமிடத்தில் என்னதான் செய்வது? உடைகிற பொருட்களையும் சூடான பாலையும் அவனுக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். ஒரு கை தூரத்தில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேச வேண்டாம், அந்த உயரமே மிரட்டலாகத் தெரியும். “அம்மா இங்கதான் இருக்கேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள், போதும். பாலை மாற்றித் தருகிறேன், நாளைக்குக் கடைக்குப் போகலாம் என்ற பேரம் எதுவும் வேண்டாம். உங்களையோ தன்னையோ அடித்துக்கொண்டால் மட்டும் கையைப் பிடித்து, “அடிக்க விட மாட்டேன்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவ்வளவுதான். கேட்பதற்கு எளிதாகத் தெரியும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு இடம் வரும். கத்தல் விம்மலாக மாறும். ஓரக்கண்ணால் உங்களைப் பார்ப்பான். மூக்கை உறிஞ்சுவான், தண்ணீர் கேட்பான், அல்லது கால் விரல் நுனி உங்கள் சேலையில் படும்படி நகர்ந்து வருவான். கதைக்கான நேரம் அதுதான். அப்போதும் அவனைக் கூப்பிட வேண்டாம். புத்தகத்தைத் திறந்து உங்களுக்கே வாசித்துக்கொள்வதுபோலத் தணிந்த குரலில் தொடங்குங்கள்.

இப்படி ஒரு காட்சியை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். நான்கு வயதுப் பெண் குழந்தை, மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வர மறுத்துவிட்டாள். அம்மா கெஞ்சினார், சாக்லேட் காட்டினார். பயனில்லை. நான் பாயில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பாமல், ஒரு படக்கதையை மெல்ல வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்தில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பாதம் வெளியே வந்தது. நான்காவது பக்கத்தில் முழங்கால். புதரில் பதுங்கியிருந்ததைப் பூனை என்று நான் வாசித்ததும், “அது பூனை இல்ல. வாலப் பாருங்க, புலி” என்று குரல் வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியது அவள் கைதான். மொத்தம் ஏழு நிமிடம் ஆகியிருக்கும். யாரும் அவளை வெளியே இழுக்கவில்லை.

ஆற்றுவது எது?

கதைக்கு இந்தச் சக்தி உண்டு என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. பிரேசிலில் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. சிலருக்கு அரை மணி நேரம் போலக் கதை சொன்னார்கள், மற்றவர்களுக்கு அதே நேரம் விடுகதை போட்டார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். இரு பிரிவினருக்குமே பதற்றத்தோடு ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது, நெருக்கத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் கூடியிருந்தது. கதை கேட்ட பிள்ளைகளிடம் இந்த மாற்றம் கூடுதலாக இருந்தது, வலியும் அவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் படுக்கையில் படுத்துக் கேட்கத் தயாராக இருந்த குழந்தைகள். தரையில் உருண்டுகொண்டிருந்தவர்கள் இல்லை.

கதையின் கருத்து குழந்தையை ஆற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கருத்துக்கு அதில் பங்கு குறைவு. முதல் பங்கு குரலுக்கு. தாலாட்டு என்ற சொல்லையே பாருங்கள். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஒலிதான் பிள்ளையைத் தூங்க வைத்தது, சொற்களின் பொருள் இல்லை. இரண்டாவது பங்கு மூச்சுக்கு. பேசுவதெல்லாம் வெளிமூச்சில்தான். நீண்ட வாக்கியத்தை நிதானமாக வாசிக்கும்போது மூச்சு நீளமாக வெளியேறும், இதயத் துடிப்பு தணியும். யாருடைய துடிப்பு? வாசிக்கிறவருடையது. ஐந்தாறு பக்கம் மெதுவாக வாசித்தால் முதலில் அடங்குவது உங்கள் கோபம். உங்கள் தோளில் சாய்ந்திருக்கும் பிள்ளை உங்கள் மூச்சைப் பின்பற்றிக்கொள்வான்.

நம் வீடுகளில் கதை கேட்கும் பிள்ளை “ம்” கொட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. “ம் கொட்டினாத்தான் கதை” என்று உங்கள் அத்தையும் உங்கள் கணவரின் சின்ன வயதில் சொல்லியிருப்பார். அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. “ம்” என்று இழுப்பதும் ஒரு நீண்ட வெளிமூச்சுதான். விம்மிக்கொண்டே யாராலும் சீராக “ம்” கொட்ட முடியாது. முதல் நாலைந்து “ம்” உடைந்து உடைந்து வரும். பிறகு சீராகும். அவனுடைய “ம்” எப்படி வருகிறது என்பதை வைத்தே அவன் எவ்வளவு தணிந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவும் ஒரே நாளில் நடக்காது. உங்கள் மடியும் புத்தகமும் சேர்ந்தால் நிம்மதி என்று அவன் உடம்பு பழகியிருந்தால்தான், அழுகைக்குப் பிறகு புத்தகம் வேலை செய்யும். அந்தப் பழக்கம் அழாத நாட்களில்தான் உருவாகும். ஆகவே தினமும் ஒரே நேரம், பதினைந்து நிமிடம். எட்டு மணிக்குச் சாப்பாடு முடிகிறது என்றால் எட்டேகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழுதாலும் அழாவிட்டாலும், வீட்டுப்பாடம் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கதை உண்டு.

“பரிசாகிவிடாதா?” என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவன் எதைக் கேட்டுக் கத்துகிறானோ அதைக் கொடுத்தால்தான் கத்தலுக்குக் கூலி கிடைத்ததாக ஆகும். பாலை மாற்றித் தருவது அப்படி. போனைக் கொடுப்பது அதைவிட அப்படி. அழுது ஓய்ந்த பிள்ளையை அணைத்து உட்கார்வது அந்தக் கணக்கில் வராது. கதை தினமும் கிடைக்கும் என்றால் அதற்காக அழ வேண்டிய தேவையும் இல்லை. இதோடு இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். “சேட்டை பண்ணினா இன்னைக்குக் கதை கிடையாது” என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். அவன் மோசமாக நடந்துகொண்ட நாளில்தான் அவனுக்கு அது அதிகம் வேண்டும்.

“அப்பா நாளைக்கு வந்துருவாரு”

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அழும்போது மாமியார், “அழாதடா, அப்பா நாளைக்கு வந்துருவாரு” என்று தேற்றுவாராம். பாசத்தில் சொல்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் ஏழு மாதமாக அந்த நாளை வரவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு நேற்று, இன்று, நாளை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு இரவும் அப்பாவின் முகம் திரையில் வருகிறது, பேசுகிறது, மறைகிறது. அடுத்த நாளும் அவர் வருவதில்லை. பாலாடை வெறும் சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையைச் சொல்லுங்கள். கணவருக்கு அடுத்த மே மாதம் விடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரில் தினசரி காலண்டர் இருக்குமே, அதில் தினமும் காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். “அப்பா மே மாசம் வருவார். அதுக்கு இன்னும் நிறையத் தாள் இருக்கு. வருத்தமாத்தான் இருக்கும், எனக்கும் இருக்கு” என்று சொல்லலாம். தேதி மாற வாய்ப்பிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அன்று அவன் கூடுதலாக அழக்கூடும். அந்த அழுகைக்கு அவனுக்குக் காரணம் தெரியும், அதனால் பயப்படாதீர்கள்.

இப்போது அவன் திரும்பத் திரும்பக் கேட்கும் பேருந்துப் புத்தகத்துக்கு வருகிறேன். பத்தில் ஒன்றை மட்டும் கேட்கிறான், அதிலும் இரவில் பேருந்து ஊருக்குத் திரும்பி வந்து நிற்கும் கடைசிப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு திருப்பவே விடமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் ஒரே கதையை நூறு முறை கேட்பது இயல்பு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அவர்களுக்கு ஆறுதல். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கலாம். அந்தக் கதையில் காலையில் கிளம்பிப் போனது ராத்திரி தவறாமல் திரும்பி வருகிறது. இது என் ஊகம்தான். சரியோ தவறோ, இதை அவனிடம் போட்டு உடைக்க வேண்டாம். “அப்பாவை நினைச்சுத்தானே இதைக் கேக்குற?” என்று கேட்டால் அந்தப் பக்கத்தையும் மூடிவிடுவான். எத்தனை முறை கேட்டாலும் வாசியுங்கள். கடைசிப் பக்கத்தில் அவன் கையை வைத்தால் நீங்களும் நிறுத்திக் காத்திருங்கள்.

எந்தப் புத்தகம், எந்தத் தமிழ்

கோபக்காரப் பையன் புத்தகத்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது கதையாகக் கேட்காது, தன் மேல் படிக்கப்படும் குற்றப்பத்திரிகையாகத்தான் கேட்கும். அவன் கோபமே இல்லாத ஒரு நாளில் தானாக எடுத்தால் அது வேறு விஷயம். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். எழுத்தில் விரல் வைத்து “இது என்ன எழுத்து?” என்று கேட்பதும் வேண்டாம். அது பள்ளிக்கூடத்து வேலை. மடியில் இருக்கும் நேரத்தைப் பரீட்சையாக்கினால் அமைதிக்கு வழியே இல்லை.

ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கியதில் தவறில்லை. ஆனால் நீங்கள் எந்த மொழியில் கொஞ்சுகிறீர்களோ அந்த மொழியில் இரவு வாசியுங்கள். அதிலும் ஒரு சின்ன விஷயம். அச்சில் “பேருந்து மெதுவாகப் புறப்பட்டுச் சென்றது” என்று இருக்கும். அழுது ஓய்ந்த பிள்ளைக்கு அதை “பஸ்ஸு மெதுவா கெளம்பிப் போச்சு” என்று வீட்டுத் தமிழில் மாற்றி வாசியுங்கள். புத்தகத் தமிழை எப்போது கேட்பான் என்று கவலைப்பட வேண்டாம். சாதாரண நாட்களில் உள்ளது உள்ளபடி வாசியுங்கள், இரண்டும் அவனுக்குப் பழகும். அழுத நாளில் அவனுக்குத் தெரிந்த குரல் தெரிந்த பேச்சில் வரட்டும்.

புத்தகத்துக்காக அதிகம் செலவு செய்ய வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். பிடித்ததை அச்செடுத்து, நடுவில் தைத்துக்கொடுத்தால் அவனுக்கே சொந்தப் புத்தகம். தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கானவை நிறைய இருக்கின்றன. அவன் படிப்பது அரசுப் பள்ளி என்றால், 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் அங்கே இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் கூட்டிப் போகலாம். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

போனும் அப்பத்தாவும்

போன் வேலை செய்கிறது என்பது உண்மை. அழுகை சட்டென்று நிற்கிறது. ஆனால் நின்ற அழுகையும் ஆறிய அழுகையும் ஒன்றில்லை. போனை வாங்கும்போது மறுபடி ஒரு அழுகை வருகிறதா என்று பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் தூக்கம். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் பென்சில் முனை உடைந்தாலும் தாங்காது. போனில் ஒலிக்கதை ஓடவிடுவது பயணத்தில், சமையல் நேரத்தில் சரி. இரவில் உங்களுக்குப் பதிலாக அது வர முடியாது. அவன் கையை வைத்தால் அது நிற்காது, “ம்” கொட்டவில்லையே என்று திரும்பிப் பார்க்காது.

இதற்காக உங்கள் அத்தையோடு மோத வேண்டாம். பேரனின் அழுகை தாங்காமல்தான் அவரும் அதைச் சொல்கிறார். அவர் கைக்கு வேறொன்றைக் கொடுங்கள். நீங்கள் ஆறரைக்கு வரும் வரை மாலை நேரம் முழுக்க அவன் அவரோடுதானே இருக்கிறான்? அவருக்கு வாசிக்க வராவிட்டாலும் சொல்வதற்குக் கதை இருக்கும். கண்மாயில் மீன் பிடித்தது, மாடு தொலைந்து தேடியது, இவன் அப்பா சின்ன வயதில் புளிய மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது. அந்தக் கடைசி மாதிரிக் கதைகள் அவனுக்கு இப்போது மருந்து. “அத்தை, அவரு சின்னப் புள்ளையில பண்ணினதெல்லாம் இவனுக்குச் சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்” என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளியைப் பற்றி

அழுத குழந்தையை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது சரியில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், குழந்தைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாளே சட்டத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. கதை வாசிக்கச் சொன்னவரே அந்த ஆசிரியைதான், அக்கறை உள்ளவராகத் தெரிகிறார். அப்பா வெளிநாடு போனது அவருக்குத் தெரியுமா? தனியாகச் சந்தித்துச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வகுப்பிலேயே ஓர் ஓரத்தில் ஒரு படப்புத்தகத்தோடு ஐந்து நிமிடம் உட்கார விடச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் வெளியே நிறுத்துவது தொடர்ந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

ஒரு பக்கத்தைக் கிழித்ததும் இருபது நிமிடம் அழுவதும் ஏடிஎச்டி ஆகிவிடாது. வீடு, பள்ளி, விளையாட்டு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பல மாதங்களாகக் கவனம் நிலைக்காமலோ துறுதுறுப்பு அடங்காமலோ இருப்பதை வைத்து, நேரில் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். பொதுவாக இத்தகைய அடம் நான்கு வயதுக்கு மேல் குறைந்துவிடும். ஆறு வயதில் திரும்ப வந்திருப்பதற்கு உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருக்கிறது. அதனால் ஆறு முதல் எட்டு வாரம் மேலே சொன்னபடி செய்து பாருங்கள். முதல் வாரத்திலேயே அழுகை நிற்காது. இருபது நிமிடம் பதினைந்தாகிறதா, தினமும் வந்தது வாரத்துக்கு நான்கு நாளாகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். அழுகை அடிக்கடி அரை மணி நேரத்தைத் தாண்டுவது, தலையைச் சுவரில் மோதுவது போலத் தன்னையே காயப்படுத்திக்கொள்வது, மூச்சு நின்று மயங்குவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குறைவது, விளையாட்டையும் பேச்சையும் விட்டு ஒதுங்குவது, கூப்பிட்டால் காதில் விழாததுபோல இருப்பது. முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத்தில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் மனநல, பேச்சு, செவித்திறன் சோதனைகளைச் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். பள்ளி வழியாகவும் அங்கே அனுப்பச் சொல்லலாம்.

உங்களைப் பற்றி நான்கு பக்கத்தில் இரண்டு வரிகூட இல்லை. ஏழு மாதமாகத் தனியாகச் சமாளிக்கிறீர்கள். வாசிக்கவே முடியாத இரவுகள் வரும். அன்று இரண்டு பக்கம் போதும். அதுவும் முடியாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்து, மனப்பாடமாகிவிட்ட பேருந்துக் கதையைக் கண்ணை மூடிச் சொல்லுங்கள். விட்ட வரியை அவன் எடுத்துக் கொடுப்பான். கை ஓங்கிவிடுவோமோ என்று பயம் வரும் இரவில், பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு வாசலில் போய் நில்லுங்கள். யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள். கட்டணம் இல்லை.

கடைசியாக, அந்த ஒன்பது மணி அழைப்பு. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அவர் வேலை முடித்து அறைக்கு வரும் ஆறரை மணி உங்களுக்கு ஒன்பது. பிள்ளை ஆகக் களைத்திருக்கும் நேரம். அழைப்பையே நிறுத்தலாம் என்று தோன்றும், ஆனால் மகனின் முகத்தைப் பார்க்க அவரும் நாள் முழுக்கக் காத்திருப்பார். அதனால் வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். எட்டேகால் கதை அப்படியே இருக்கட்டும், பாலையும் அப்போதே ஆடை நீக்கி ஆற்றிக் கொடுத்துவிடலாம். ஒன்பது மணிக்கு முதலில் ஐந்து நிமிடம் முகம் பார்த்துப் பேசட்டும். பிறகு போனைத் தலையணைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நீங்கள் பேருந்துக் கதையை வாசியுங்கள். உங்கள் கணவருக்கு ஒரே ஒரு வேலை, அங்கிருந்து “ம்” கொட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்று பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் அவரே வாசித்துக் காட்டட்டும், நீங்களும் மகனும் “ம்” கொட்டுங்கள். பேருந்து ஊருக்குத் திரும்பி வந்து நின்றதும் அப்பாவுக்கு நல்லிரவு சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை மகனே அழுத்தட்டும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.